மூலையும் முக்கும்

வண்டன்மேட்டில், குரியாச்சன் ஸ்டோரில்
ஏலக்காய்க் கணக்கு எழுதுகிறேன்.
எட்டு மில்லி சல்லடையில் தங்குவது துபாய்க்கு.
ஏழு, ஆறு, அப்புறம் உள்ளூருக்கு.
குவாத்தமாலாக்காரன் விலையை உடைக்கிறான் என்று
முதலாளிக்குத் தூக்கமில்லை.
"அவன்றெ பாஷ படிக்கெடீ கொச்சே" என்று
என் போனில் ஸ்பானிஷ் இறக்கிக் கொடுத்தது அவர்தான்.

கம்பத்தில் அஞ்சரைக்கு ஜீப்.
ஒருத்தி மடியில் ஒருத்தியாகப் பதினாலு பேர்.
ஒரு காதில் வயர், மறு காதில் ஊர்க்கதை.

போன் இங்கிலீஷ் வழியாகத்தான் சொல்லித்தரும்.
எஸ்கினா என்றால் கார்னர்.
ரிங்கோன் என்றாலும் கார்னர்.
ரெண்டு தடவை தப்பு என்று சிவப்புக் காட்டியது.
பிறகுதான் படத்தைப் பார்த்தேன்:
ஒன்றில் ஆள் தெரு திரும்புகிறான்,
ஒன்றில் துடைப்பம் சாத்தியிருக்கிறது.
அட, முக்கு.
அட, மூலை.
முக்குக் கடையை யாராவது மூலைக்கடை என்பார்களா,
இதற்கா இத்தனை சிவப்பு?
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
எதிரே இருந்தவளும் சிரித்தாள்,
எதற்கென்று கேட்கவில்லை.

மீனில் என் சிரிப்பு நின்றது.
தண்ணீரில் போவது பெஸ்,
பிடித்துவிட்டால் பெஸ்காதோ.
நமக்கு ரெண்டும் மீன்.
செத்த பிறகும் அதே பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம்.
மரியாதையா மறதியா என்று
ஏழாவது கொண்டை ஊசி வரை யோசித்தேன்.

அடுத்த வாரம் சபேர், கொனோசேர்.
ரெண்டுக்கும் நோ என்று போட்டிருந்தது,
தெரியும் என்பதற்கும் இல்லை என்பதற்கும்
வெள்ளைக்காரனுக்கு ஒரே சத்தம்.
போனில் பேசுகிற பெண்
உதட்டை ஒட்டாமல் சவேர் என்கிறாள்.
விவரம் தெரிவது அது.
ஆளைத் தெரிவது மற்றது.
இங்கிலீஷைச் சொல்வானேன்,
தெரியும் என்று நாமும்
ஒரே சாக்கில்தான் கட்டிப்போடுகிறோம்.

எதிரே இருந்தவளை ஆறு வருஷமாகத் தெரியும்.
அவள் வலது முட்டி என் இடது முட்டியில் இடிக்கும்.
எந்த வளைவில் கண்ணை மூடுவாள்,
எந்த வளைவில் குமட்டலை விழுங்குவாள்,
சம்பளத்துக்கு மறுநாள் மட்டும்
ஏன் யாரோடும் பேசமாட்டாள்
எல்லாம் தெரியும்.

கம்பம்மெட்டு செக்போஸ்டில் ஒருநாள் சோதனை.
எல்லோரும் அட்டையை நீட்டினோம்.
அவள் பையில் தேடினாள், மடியில் தேடினாள்,
தூக்குச்சட்டியைத் திறந்துகூடப் பார்த்தாள்.
போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார்.
"இவரெ அறியுமோ?"
"அறியும் சாரே."
"பேரெந்தா?"

ஜீப் உறுமிக்கொண்டே நின்றது.
கொனோஸ்கோ.
நோ சே.

"ஒச்சம்மா" என்றேன்,
எங்கிருந்து வந்ததோ.
அவள் இமைக்காமல் தலையாட்டினாள்.
அவர் நோட்டில் எழுதிக்கொண்டு கையசைத்தார்.

அன்றிலிருந்து ஒச்சம்மாக்கா என்றால் திரும்புவாள்,
நகர்ந்து இடம் கொடுப்பாள்.
நிஜப்பேர் என்ன என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் அந்த ஆறு வருஷமும்
பொய்யாகிவிடும் போலிருந்தது.

ஓணத்துக்கு முந்தி போனஸ் பட்டியல் வந்தது.
பேரை வாசித்துக் கையெழுத்து வாங்குவது என் வேலை.
வரிசையில் அவள் முறை.
தாளில் ஒரு வரியை விரலால் தொட்டாள்.
சவேரியம்மாள், மேல்சுரம் டிவிஷன்,
நாலாயிரத்து நூறு.

உதட்டை ஒட்டாமல் சொல்லவேண்டிய எழுத்து
நடுவிலேயே இருந்தது.
வாசித்தேன்.
ஏதோ வேறு யாரையோ கூப்பிட்டதுபோல்
ரெண்டு பேருமே கொஞ்சம் பின்னால் பார்த்தோம்.
கையெழுத்துப் போட்டாள், பணத்தை எண்ணாமல்
முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

சாயங்காலம் ஜீப். எதிரே அவள். முட்டி இடித்தது.
"நாளைக்கு வருவியா ஒச்சம்மாக்கா?"
"வராம எங்க போறேன் முத்துப்பேச்சி" என்றாள்.

என் பேர் அது இல்லை.
இடம் போட்டு வை என்றேன்.